பேச்சில்லா அழைப்பு

எனக்கு லிப்டில் ஏறப் பிடிக்காது. ஏழாவது மாடியானாலும் படியேறித்தான் போவேன். லிப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்த ஒருவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்துத்தான் இருக்கிறார்கள். மிட்டாய்க் கடைக்காரருக்கு இனிப்பு ஆகாதாம் என்று என் காதுபடவே கேலி செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் படியேறுவேன்.

நீங்கள் என்னை இந்த அறையில் உட்காரவைத்து, ஒரு கட்டு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, அவசரமில்லை, நடந்ததை உங்கள் போக்கில் எழுதுங்கள் என்றீர்கள். மரியாதையாக நடத்தினீர்கள், அதற்கு நன்றி. இந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. எழுதும்போது ஆடிக்கொண்டே இருந்ததால் ஒரு தாளை நாலாக மடித்து அடியில் வைத்திருக்கிறேன். எண்ணும்போது ஒரு தாள் குறைந்தால் அதுதான் காரணம்.

பெரும்பாலான விவரங்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இறந்துபோனவர் என் மனைவியின் அண்ணன், எங்கள் நிறுவனத்தின் மூத்த மெக்கானிக். பூட்டிய கட்டிடம் ஒன்றில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிப்டுக்குள் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இருந்தார். ஞாயிறு மாலை நான்கு மணிவாக்கில் உயிர் போயிருக்கும் என்கிறார் மருத்துவர். உள்ளேயிருந்த அவசரப் பொத்தானை அவர் அழுத்திக்கொண்டே இருந்தது எங்கள் பதிவுகளில் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை பதினொன்று நாற்பதுக்குப் பிறகு ஒரு தடவைகூட அழுத்தவில்லை. உயிரோடும் நினைவோடும் இருந்த மனிதர் இருபத்தெட்டு மணி நேரம் ஏன் பொத்தானைத் தொடவில்லை என்பதுதான் உங்களுக்குப் பிடிபடாத ஒன்று. அதற்கும் வருகிறேன். ஒவ்வொன்றும் எதன் மேல் நிற்கிறது என்று கீழிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். தொழில் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்னவென்று என் மனைவிக்கே என்னால் ஒழுங்காகப் புரியவைக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர்ல மரம் வரைவாரு" என்று தோழிகளிடம் சொல்வாள். அது ஒன்றும் தப்பில்லை. அலுவலகத்திலும் எனக்கு மரக்காரர் என்றுதான் பெயர். நான் வரைவது இலக்கு மரம். நிறுவனம் எதை அடைய ஆசைப்படுகிறதோ அதை உச்சியில் எழுத வேண்டும். அது நடக்க என்னென்ன நடக்க வேண்டுமோ அவற்றை அதற்குக் கீழே, அவை நடக்க வேண்டியவற்றை இன்னும் கீழே என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒன்றுக்கு ஒன்று உதவினால் கோடு போட்டுக் கூட்டல் குறி, ஒன்று இன்னொன்றைக் கெடுத்தால் கழித்தல் குறி. கடைசி வரிசையில் வருவதெல்லாம் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், இது முக்கியம். ஆயிரத்து நானூறு கட்டிடங்களின் லிப்டுகளிலிருந்து நொடிக்கு நொடி வரும் தகவல்கள் அந்தக் கடைசி வரிசைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கும். அந்த நிறம் கோடு வழியாக மேலே ஏறி உச்சிக்கு வரும். ஒரு முடிவு எடுக்கும் முன்பு கீழே ஒன்றை மாற்றிவைத்து, உச்சி என்ன நிறமாகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். யாரும் யாரோடும் சண்டை போடத் தேவையில்லை. நல்ல முறை அது, இப்போதும் அதில் எனக்குக் குறை இல்லை.

எங்கள் எம்.டி. அந்தத் திரையைப் பார்த்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "பச்சையா?" அதனால் அவருக்குப் பின்னால் நாங்கள் அவரைப் பச்சை என்போம். கெட்ட மனிதர் அல்ல. ஒரு பேச்சை முழுதாகக் கேட்க நேரமில்லாத மனிதர், அவ்வளவுதான். நான்கு வருடத்துக்கு முன்பு முதல் மரத்தை வரைய உட்கார்ந்தபோது, உச்சியில் என்ன எழுதட்டும் என்று அவரிடமே கேட்டேன். கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "யாரும் சிக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றார்.

லிப்டில் யாரும் சிக்கக் கூடாது என்று அவர் சொன்னாரா, பிரச்சினை வந்தால் நம்மில் யாரும் சிக்கக் கூடாது என்று சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது. இரண்டுக்கும் ஒரே வார்த்தை போதும் என்பதால் அதையே எழுதிவிட்டேன். நான்கு வருடம் அந்த வார்த்தைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் 'சிக்கவில்லை' என்பதை அளக்க முடியாது. நடக்காத ஒன்றை எந்தக் கருவி எண்ணும்? லிப்டுக்குள்ளிருந்து வரும் அழைப்புகளை எண்ணலாம். எனவே கீழே 'சிக்கியதாக வரும் அழைப்புகள் குறைய வேண்டும்' என்று எழுதினேன். எல்லாம் கெட்டது இந்த வரியில்தான் என்று நீங்கள் அடிக்கோடு போடக்கூடும். எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான் இது. உங்கள் அலுவலகத்திலும் தீர்ந்த வழக்குகளைத்தான் எண்ணுவீர்கள், நடக்காமல் போன குற்றங்களை அல்ல.

அந்த அழைப்புகளைக் கிளறிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பாதிக்கு மேல் பேச்சே இல்லாதவை. யாராவது பொத்தானில் முதுகைச் சாய்த்திருப்பார்கள், இல்லாவிட்டால் தோள் பை பட்டிருக்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் "ஹலோ, ஹலோ" என்று தொண்டை காயக் கத்திவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மெக்கானிக்கை அனுப்புவார். போனால் லிப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வருடப் பதிவை எடுத்துக் கணக்குப் போட்டேன். பேச்சில்லா அழைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு ஒன்றுமில்லாதவை. எனவே ஒரு விதி எழுதினேன். பன்னிரண்டு நொடிக்குள் மனிதக் குரல் கேட்காவிட்டால் அது சாம்பல் நிறம், தவறுதலாக அழுத்தியது. அது யார் திரைக்கும் போகாது, பதிவில் மட்டும் இருக்கும். ஒரே நிமிடத்துக்குள் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றாகவே எண்ணப்படும். அடுத்த மாதமே அந்தக் கிளை பச்சையானது. ஆட்கள் மிஞ்சினார்கள் என்று மரம் காட்டியது, இரண்டு பேர் போகும் வேலைக்கு இனி ஒருவர் போதும் என்று பச்சை முடிவெடுத்தார். மேடையில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சான்தான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கைதட்டினார்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நிறுவனத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார், சாப்பாடு எங்கள் வீட்டில். மூன்று வருடத்துக்கு முன்பு தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு சிறு குழாய். துளையை விரலால் மூடிக்கொண்டு பேசினால் காற்றும் பேச்சும் கலந்து வரும். பழகியவர்களுக்குத்தான் புரியும். எனக்கும் என் மனைவிக்கும் நன்றாகப் புரியும். அவருக்குப் பேசுவதே அலுப்பு என்பதால் வீட்டில் தட்டியே காரியத்தை முடித்துக்கொள்வார். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் வேண்டாம். குளியலறைக்குள் இருக்கும்போது யாராவது கதவைத் தள்ளினால் உள்ளேயிருந்து ஐந்து முறை தட்டுவார். ஆள் உள்ளே என்று அர்த்தம். பழைய காலத்தில் லிப்ட் குழிக்குள் இறங்கும் மெக்கானிக்குகள் மேலே நிற்பவருக்கு மணியடித்துக் கொடுக்கும் சைகையாம் அது. என் மனைவி அவசரமாகக் குளிக்க நிற்கும்போது அந்த ஐந்து தட்டைக் கேட்டால், "அண்ணே, லிப்ட் எந்த மாடியில நிக்குது?" என்று கத்துவாள். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிடும்.

போன மாதம் ஒரு கட்டிடத்தில் அவசரப் பொத்தானைச் சோதித்துப் பார்க்க உள்ளே நின்று அழுத்தியிருக்கிறார். பேசியும் பார்த்திருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் நேராக என் அறைக்கு வந்தார்.

"உள்ள நின்னு பேசினேன் மாப்ளே. உங்க மிஷின் என்னைக் காத்துன்னு எழுதிக்கிச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் அதோடு விடவில்லை. நானூறு சாம்பல் அழைப்புகளின் முகவரிகளை என் திரையிலிருந்தே எழுதி எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு கட்டிடமாக ஏறி இறங்கி, அன்று உள்ளே யாராவது மாட்டினார்களா என்று கேட்டிருக்கிறார். பதினேழு பேர் கிடைத்தார்கள். பயத்தில் வாயடைத்துப் போனவர்கள், எங்கள் கருவிக்குப் பழக்கமில்லாத மொழியில் முணுமுணுத்தவர்கள், மயங்கி விழுந்தவர் ஒருவர். பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு லிப்டுக்குள்ளேயே பக்கவாதம் வந்திருக்கிறது. வாய் கோணிப்போய் ஐந்து மணி நேரம் கிடந்திருக்கிறார். கை பொத்தான் மேலேயே இருந்திருக்கிறது. எங்கள் பதிவில் அவர் சாய்ந்து நின்ற யாரோ ஒருவர். அந்த வலது கை இனி வேலை செய்யாது என்று மச்சான் சொன்னார்.

அந்தப் பட்டியல் அவருடைய சிறு நோட்டில் இருந்தது. அவர் வண்டியிலிருந்து நீங்கள் எடுத்ததும் அதைத்தான். கையெழுத்து மோசம், தகவல் சரி. பதினேழும் உண்மை என்று நானே சரிபார்த்தேன்.

அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை இயக்குநர்கள் கூட்டம். என் மரத்தை ஆறு கிளை அலுவலகங்களிலும் நடுவது, அதற்கு என்னைத் தலைமையாகப் போடுவது என்று முடிவாக இருந்தது. மச்சானுக்கு அது தெரியும். நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க மாப்ளே. நீங்க சொன்னா தப்பைத் திருத்தினவரு. நான் சொன்னா நீங்க மாட்டினவரு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாக்கிறேன்."

அவருக்கு என்மேல் பாசம்தான். நான் அதை மறுக்கவில்லை.

அவர் போன பிறகு அந்தப் பதினேழையும் உண்மை அழைப்புகளாக மாற்றி மரத்தில் போட்டுப் பார்த்தேன். கீழ் வரிசை சிவந்தது. சிவப்பு கோடு வழியாக ஏறியது. ஒருவர் போதும் என்ற முடிவு சிவந்தது, அதைச் சார்ந்திருந்த ஒன்பது முடிவுகள் சிவந்தன, கடைசியில் உச்சி. நான்கு வருடம் நான் எழுதிய ஒவ்வொரு வரியும் இன்னொரு வரியைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒன்றை உருவினால் எல்லாம் என் தலைமேல் விழும். என் அறைக்கு ஜன்னல் கிடையாது, மூன்று பக்கம் கண்ணாடித் தடுப்பு, ஒரு பக்கம் சுவர். அன்றுதான் முதல் தடவையாக அந்தக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

எங்கள் முறையில் இதற்கும் வழி இருக்கிறது. இலக்குக்குக் குறுக்கே ஒரு தடை வந்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இலக்கை மாற்றலாமா? தடையின் வலுவைக் குறைக்கலாமா? தடையையே நீக்கலாமா? இந்த வரிசையில்தான் நான் போனேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் மூன்றாவதுக்கு நான் போகவில்லை.

முதலில் பச்சையிடம் போனேன். பேச்சில்லா அழைப்பு விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று கேட்டேன். "கூட்டத்தை வெச்சுக்கிட்டு மரத்துல கை வைக்காதீங்க" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. பிறகு மச்சானிடம் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் பொறுங்கள், சத்தமில்லாமல் விதியைத் திருத்திவிடுகிறேன், பட்டியல் வெளியே வர வேண்டாம் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன், கௌரவம் பார்க்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்காமல் மேஜையில் இரண்டு முறை தட்டினார். என் மனைவி, "என்ன வேண்டாமாம்?" என்று கேட்டாள். குழம்பு வேண்டாமாம் என்றேன்.

அன்றைக்கு மரத்தில் ஒரு புதுக் கட்டம் வரைந்தேன். 'மூத்த மெக்கானிக்கின் பட்டியல்' என்று எழுதி, அதிலிருந்து நேராக உச்சிக்கு ஒரு கோடு, அதன்மேல் ஒரு கழித்தல் குறி. பதினான்காம் பதிப்பு என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது அதுதான். பிறகு அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மரம் முழுக்கப் பச்சை.

வெள்ளிக்கிழமை முதல் நான்கு நாள் விடுமுறை. விடுமுறை நாள் வேலைப் பட்டியலை என் நிரல்தான் தயாரிக்கும். எந்த லிப்ட் பழுதாகும் வாய்ப்பு அதிகமோ அதற்கு முதலில் ஆள் போகும். மச்சானுக்கு ஓர் ஆவணக் கிடங்கின் லிப்ட் வந்தது. போன விசாரணையில் உங்களிடம், அது கணினி போட்ட பட்டியல், நான் போட்டது அல்ல என்று சொன்னேன். அது முழு உண்மை அல்ல. பட்டியலைக் கணினிதான் போட்டது. நான் அதற்கு நான்கு நிபந்தனைகள் கொடுத்தேன். லிப்ட் நின்றுபோகும் வாய்ப்பு நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருக்க வேண்டும். கட்டிடம் நான்கு நாளும் பூட்டியிருக்க வேண்டும். உள்ளே கைபேசிக்குச் சிக்னல் இருக்கக் கூடாது. மேல்மூடி வெளியிலிருந்து மட்டும் திறக்கும் பழைய வகையாக இருக்க வேண்டும். ஆயிரத்து நானூறு வரிகளில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. வேலைக் குறிப்பில், தனியாளாக உள்ளே நின்று பத்து முறை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்கவும் என்று எழுதினேன்.

அந்த லிப்டின் வாய்ப்பு நூற்றுக்கு எண்பத்தொன்று. பத்தொன்பது பங்கு அவர் பக்கமும் இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கான வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு அலுவலகம் போனேன். கீழே கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஒருவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் திரைக்குச் சாம்பல் எதுவும் வராது. சாம்பல் பதிவைத் திறந்து பார்க்கக்கூடியவன் நான் ஒருவன். கிடங்கு வாசல் காவலாளி சாவியைக் கொடுத்துவிட்டு மதியம் பணி மாறிப் போய்விட்டார். சாவி திரும்பவில்லை என்று குறிப்பேட்டில் இருந்ததை அடுத்து வந்தவர் படிக்கவில்லை. அது என் திட்டத்தில் இல்லாதது, அந்தக் குறிப்பேடு எங்களுடையதும் அல்ல. உங்கள் அறிக்கையில் அவரையும் சேர்த்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது.

பத்து இருபதுக்கு லிப்ட் நின்றது. ஆறாவது ஓட்டம் என்று நினைக்கிறேன். பத்து இருபத்திரண்டுக்கு முதல் அழைப்பு. பன்னிரண்டு நொடி, குரல் இல்லை, சாம்பல். பிறகு இன்னொன்று. நான்காவதோ ஐந்தாவதோ வந்தபோது, சேர்த்து எண்ணாத மூலப் பதிவைத் திறந்து பார்த்தேன். ஐந்து அழுத்தல், ஓர் இடைவெளி. மறுபடி ஐந்து அழுத்தல், ஓர் இடைவெளி. என் நிரல் ஒவ்வொரு ஐந்தையும் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பயமாகத்தான் இருந்தது. நினைத்திருந்தால் கீழே இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அந்த அழைப்பு எப்படி எனக்குத் தெரிந்தது என்ற கேள்வி வரும், விதி வெளியே வரும், பட்டியல் வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாட்களில் அதிகம் மாட்டிக்கொண்டவன் நான்தான் என்று எனக்குத் தோன்றியது.

மதியம் என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, அண்ணன் இன்னும் சாப்பிட வரல. போனும் போகல."

"வெளியூர் வேலைக்கு அனுப்பியிருக்கோம்மா. அங்க சிக்னல் இருக்காது. செவ்வாய்க்கிழமை வந்துடுவாரு."

"என்கிட்ட சொல்லாம போயிட்டாரா? குழாய் கழுவுற உப்புத் தண்ணி எடுத்துட்டுப் போனாரா? அது இல்லாட்டி அடைச்சுக்குமே."

"எடுத்துட்டுத்தான் போனாரு. நானே பாத்தேன்."

அவளுக்கு நிம்மதியாயிற்று. சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான், எல்லாம் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பிறகு உங்கள் வாசல்படி ஏறி வந்து இந்தப் பேச்சைச் சொன்னவளும் அவள்தான். என்னைப் பார்க்க இதுவரை வரவில்லை. அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நடுவில் உள்ளதை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்கு அதன் பிறகு வருகிறேன். காலை ஒன்பதரைக்குக் கிடங்கைத் திறந்து அவரைக் கண்டார்கள். பத்து மணிக் கூட்டத்தின் நடுவே செய்தி வந்தது. திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. பச்சை சார் உண்மையாகவே அதிர்ந்துபோனார், ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "இது நம்ம எண்ணிக்கையில வருமா?" என்று கேட்டார். பயணிகள் மட்டும்தான் வருவார்கள், ஊழியர்கள் வேறு பிரிவு என்றேன். தலையசைத்தார்.

இனி சனிக்கிழமை.

எங்கள் அமைப்பில் இன்னொரு விதியும் உண்டு. மூன்று நாளுக்குள் ஒரே லிப்டிலிருந்து ஐம்பது பேச்சில்லா அழைப்புகள் வந்தால், பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பழுது பார்க்க ஆள் அனுப்பு என்று கட்டுப்பாட்டு அறைக்கு மஞ்சள் எச்சரிக்கை போகும். மச்சான்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு அடம்பிடித்து அதைச் சேர்க்க வைத்தார். என் நான்கு நிபந்தனைகளைப் போட்டபோது இதை நான் மறந்துவிட்டேன். என் தொழிலில் அது மன்னிக்க முடியாத கவனக்குறைவு. சனிக்கிழமை காலை பதினொன்றரைக்குப் பார்த்தபோது எண்ணிக்கை நாற்பத்தாறு. முதல் நாளைவிட இடைவெளி கூடியிருந்தது, ஆனால் நிற்கவில்லை. இருட்டுவதற்குள் ஐம்பது வந்துவிடும்.

பதிவுகளை அழித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பதிவை அழிப்பது தவறு. பதினோரு வருடத்தில் ஒரு வரியைக்கூட நான் அழித்ததில்லை.

எனவே லிப்டுக்குள் பேசும் லைனைத் திறந்தேன். சனிக்கிழமை பதினொன்று முப்பத்தொன்பதுக்கு, நாற்பது நொடி, 'லைன் பரிசோதனை' என்ற பெயரில் அது பதிவில் இருக்கிறது. அதை நானே எழுதிவைத்தேன். அன்றாடம் இருபது பரிசோதனைகள் இருப்பதால் உங்கள் ஆட்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். குறை சொல்லவில்லை.

"மச்சான், நான்தான். உங்களைக் கண்டுபிடிச்சிட்டோம். ஆள் கிளம்பிட்டாங்க. பொத்தானை அழுத்தாதீங்க, பேட்டரி தீர்ந்துடும். அசையாம உக்காந்திருங்க, வந்துக்கிட்டே இருக்காங்க" என்றேன்.

குழாய் அடைத்துக்கொண்ட மூச்சின் கரகரப்பு கேட்டது. பிறகு அவர் துளையை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். கருவி அதைக் காற்று என்று எழுதிக்கொண்டது. எனக்குப் பழக்கம் என்பதால் புரிந்தது. "வந்துட்டீங்களா மாப்ளே" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் தாமதம் என்றுகூடக் கேட்கவில்லை.

நான் லைனை மூடினேன். அதன் பிறகு அவர் அழுத்தவில்லை. எண்ணிக்கை நாற்பத்தாறிலேயே நின்றது. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். என் மச்சானை அந்த லிப்டுக்கு அனுப்பியவன் நான், அவர் உள்ளே இருப்பது தெரிந்து மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், அவரைச் சும்மா இருக்கச் சொன்னவனும் நான். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த இருபத்தெட்டு மணி நேரமும் அவர் தவிக்கவில்லை. யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அந்த நிம்மதியை அவருக்கு வேறு யார் கொடுத்தார்கள்? என் மனைவி கேட்டால் இதை மட்டுமாவது அவளிடம் சொல்லுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும்: அவள் அண்ணன் கடைசியாகக் கேட்டது சொந்தக்காரர் குரலைத்தான்.